செம்பியின் மகன்கள்

கடையில் என் கண்ணுக்குத்தான் சம்பளம். பெயிண்ட் கடையில் நிறம் கலக்குவது என் வேலை. பழைய சுவரிலிருந்து நகத்தளவு சில்லைப் பெயர்த்து வந்து, "இதே நிறம் வேணும்" என்பார்கள். கம்ப்யூட்டர் ஒரு கணக்குச் சொல்லும். அதை நம்பிக் கலந்தால் சுவரில் ஒட்டுப்போட்ட மாதிரித் தனியாகத் தெரியும். நான் சில்லை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்ப்பேன். திரும்பி வந்து கருப்பில் இரண்டு சொட்டு, மஞ்சளில் ஒரு சொட்டு கூட்டுவேன். காய்ந்த பிறகு எது பழசு, எது புதுசு என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்படிப்பட்டவளின் கூடப்பிறந்த தம்பிக்கு நிறம் தெரியாது. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் அவனுக்கு ஒரே கூட்டம். பழம் பழுத்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவான். ரயில்வேயில் வேலை கிடைக்கும் நேரத்தில், கலர் புள்ளிகளுக்குள் எண்ணை ஒளித்துவைத்த படத்தை டாக்டர் காட்டி, "என்ன எண்?" என்று கேட்டிருக்கிறார். "எண் எங்க இருக்கு?" என்று இவன் திருப்பிக் கேட்டிருக்கிறான். வேலை அதோடு போனது. பிறகு தச்சு வேலையில் இறங்கினான். மரத்துக்கு ரேகையைப் பார்த்தால் போதும், நிறம் யாருக்கு வேணும் என்பான்.

அம்மாவின் அப்பாவுக்கும் இதே கண். அம்மாவுக்கு எல்லா நிறமும் தெரியும். அன்றைக்கு டாக்டர் அம்மாவை உட்காரவைத்துச் சொன்னது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். "இது பெண்கள் மூலமா ஒளிஞ்சு வரும்மா. சுமக்கிற அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மகன்கிட்ட வந்து நிக்கும்போதுதான் தெரியும்." அம்மா அதைக் குற்றப்பத்திரிகை மாதிரி எடுத்துக்கொண்டாள். சாகிறவரைக்கும், "என்கிட்ட இருந்துதானேடா உனக்கு வந்துச்சு" என்று அவன் தலையைத் தடவுவாள். அவன், "போம்மா, வேற வேலை இல்லையா உனக்கு" என்று நகர்ந்துவிடுவான். அம்மாவுக்கு அந்த வேலைதான் கடைசிவரை இருந்தது.

தம்பி எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறான். பின்பக்கம் அவனுடைய பட்டறை. பட்டறைச் சுவரை ஒட்டி அவன் செய்து கொடுத்த கம்பிக் கூண்டுகளில் என் காடைகள். கூண்டு அவனுடையது, தீனி என்னுடையது, முட்டை என் வீட்டுக்காரருடையது. அவர் தபால்காரர். ஊர் முழுக்க நடந்து வந்து உட்கார்ந்ததும் காடை முட்டையை வேகவைத்து, மிளகுத்தூள் தூவி, கதை பேசிக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டிருப்பார். எங்கள் மூன்று பேருக்கும் இந்த ஏற்பாட்டில் எந்தக் குறையும் இருந்ததில்லை, செம்பி வரும்வரை.

முட்டைக்குப் பெட்டைகள் வாங்கப் பறவைக்கடைக்குப் போயிருந்தேன். கூண்டில் எல்லாம் வழக்கமான காடைப் பழுப்பு. காய்ந்த சருகின்மேல் கருப்பு மை தெளித்தது போல இருக்குமே, அது. நடுவில் ஒரே ஒரு பெட்டை மட்டும் வேறு மாதிரி. மற்றதற்குக் கருப்பு இருக்கும் இடத்தில் எல்லாம் அதற்குச் செம்பழுப்பு. இலவங்கப்பட்டை நிறம் என்று கடைக்காரம்மா சொன்னாள். அருகில் போனால் அதுவும் சரியில்லை. கழுத்தில் ஒரு நிறம், முதுகில் ஒரு நிறம், சிறகை விரித்தால் உள்ளே இன்னொன்று. நான் வாங்கப் போனதையெல்லாம் மறந்து அதைத்தான் முதலில் கையில் எடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே செம்பி என்று பேர் வைத்துவிட்டேன்.

அது உதிர்த்த இறகு ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய், வேலை இல்லாத மதியங்களில் கலந்து பார்த்தேன். வரவில்லை. கம்ப்யூட்டருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. நெருங்கி வரும், காய்ந்ததும் செத்த நிறமாகிவிடும். இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிகொடுக்காத நிறம் அது ஒன்றுதான். டப்பாவில் வராது என்றால் முட்டையில் வரட்டும் என்று முடிவு செய்தேன். அந்த நிறத்தில் ஒரு கூட்டம் என் கூண்டில் ஓட வேண்டும். நகை, புடவை என்று எதற்கும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"அப்படி என்னக்கா நிறம் அது?" என்று தம்பி ஒருநாள் கேட்டான். செம்பி அவன் கையில்தான் இருந்தது.

"சொன்னா உனக்குப் புரியவா போகுது?" என்றேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். அவன் செம்பியைக் கூண்டில் விட்டான். செம்பியின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

செம்பியையும் நல்ல திடமான ஒரு பழுப்புச் சேவலையும் தனிக் கூண்டில் விட்டோம். முட்டைகளைச் சேர்த்துத் தம்பி செய்த இன்குபேட்டர் பெட்டியில் வைத்தோம். சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் ரோஸ் வரும் என்று தெரிந்தவள் நான். செம்பியில் பாதி, சேவலில் பாதி, நடுவாக ஏதோ ஒரு வெளிர் பழுப்பாவது வரும் என்று எதிர்பார்த்தேன். பொரித்த குஞ்சு அத்தனையும் சுத்தப் பழுப்பு. முதுகில் அதே கருப்புக் கோடு. செம்பி என்று ஒருத்தி அவற்றுக்கு அம்மாவாக இருந்ததற்கு அடையாளமே இல்லை.

"என்னடி, உன் கலர் கடைக்குப் பூட்டுப் போட்டாச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க முட்டையைத் தின்னுங்க. வாயைத் திறக்காதீங்க."

"வாயைத் திறக்காம எப்படிடி திங்கறது?"

தம்பிதான் பெட்டிமுன் குந்தி உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தான். "அக்கா, ஒளிஞ்சிருக்கு. போகல" என்றான். "நம்ம அம்மாவைப் பாரு. தாத்தாவோட கண்ணு அம்மாவுக்குள்ள இருந்துச்சா இல்லையா? அம்மாவைப் பார்த்தா தெரிஞ்சுதா? பொண்ணுங்க சுமந்துட்டு வருவாங்கன்னு டாக்டர் சொன்னார்ல. இந்தக் குஞ்சுங்கள்ல பொட்டையெல்லாம் உள்ள வச்சிருக்கும். அடுத்த வாட்டி வெளிய வரும்."

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கள் வீட்டு ரத்தத்திலேயே இருக்கிற சட்டம் அது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பெண்கள்தான் சுமப்பார்கள். செம்பியின் குஞ்சுகளுக்கு எல்லாம் காலில் மஞ்சள் வளையம் மாட்டினேன். தம்பியால் தப்பில்லாமல் பார்க்க முடிந்த நிறம் என்பதால் மஞ்சள். எல்லாவற்றையும் ஒரே கூண்டில் வளர்த்தோம். ஆணுக்கு நெஞ்சு செம்மண் நிறமாகவும் பெண்ணுக்கு நெஞ்சில் புள்ளி புள்ளியாகவும் மாறியது. பெண்கள் குட்டி குட்டியாக முட்டை போட ஆரம்பித்தன. ஆண்கள் ஓயாமல் கூவின. காடைச் சேவல் கூவுவது, துருப்பிடித்த கதவை யாரோ கோபத்தில் மூன்று தரம் தள்ளுவது போல இருக்கும். சேவல்களைக் கறிக்குக் கொடுத்துவிட்டுப் பெட்டைகளை வைத்துக்கொள்வது காடை வளர்க்கிற எல்லோரும் செய்வதுதான். செம்பியின் மகன்களையும் அப்படித்தான் கறிக்கடைக்காரரிடம் கொடுத்து அனுப்பினோம். மகள்களிடம்தானே பொக்கிஷம் இருக்கிறது.

அதற்கு முந்தின வாரம்தான் செம்பி செத்துப்போனது. முட்டை உள்ளே சிக்கிக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்துப் பார்த்தேன், எண்ணெய் தடவிப் பார்த்தேன், என் கையிலேயே கண்ணை மூடியது. அழுதேன். பிறகு, மகள்கள் இருக்கிறார்களே என்று மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த மகள்களுக்கு வெளியிலிருந்து ஒரு மாப்பிள்ளை பார்க்கலாம் என்றுதான் மறுபடி பறவைக்கடைக்குப் போனேன். தம்பியும் கூட வந்தான். கடைக்காரம்மா தீனி மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் செம்பி கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பெட்டைகளை வைத்துக்கொண்டதையும், சேவல்களைத் தள்ளிவிட்டதையும், அதற்கு எங்கள் குடும்பமே எப்படி அத்தாட்சி என்பதையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவள் ஊசியை நிறுத்தினாள். "தப்புப் பண்ணிட்டீங்களேம்மா."

"என்ன தப்பு?"

"எங்கிட்ட அந்த நிறத்துல ஒரு சேவல் இருந்துச்சு. அதைப் பழுப்புப் பொட்டைங்களோட விட்டா, பொரிச்ச அன்னைக்கே பிரிச்சிடுவேன். நிறம் வெளுப்பா இருந்தா பொட்டை, பழுப்பா இருந்தா சேவல். ஒண்ணுகூட மாறினது கிடையாது. பொட்டைக் குஞ்சுக்கு இந்த நிறம் அப்பன்கிட்ட இருந்து மட்டும்தான் வரும். அம்மா கொடுக்கறது மகனுக்குத்தான் போகும். மனுஷங்களுக்கு எப்படியோ, பறவைக்கு இது தலைகீழ்ம்மா."

நான் தம்பி முகத்தைப் பார்த்தேன். அவன் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். செம்பி தன் நிறத்தை மகன்களுக்குக் கொடுத்தது. அவை அப்பனிடம் வாங்கிய பழுப்பின் அடியில் அதை ஒளித்து வைத்திருந்தன. மகள்களுக்கு அப்பனின் பழுப்பு மட்டும்தான் வந்தது. நாங்கள் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தது காலிப் பெட்டிகளை. நிறம் இருந்ததெல்லாம் கறிக்கடைக்குப் போய்விட்டது.

"உங்க சேவல் இப்ப எங்க?" என்று கேட்டேன்.

"அது போன வருஷமே செத்துப்போச்சு. நீங்க வாங்கிட்டுப் போனது அதோட கடைசி மக. வேற யார்கிட்டயும் நான் பார்த்ததில்ல."

கறிக்கடைக்கு ஓடினோம். ஓடினோம் என்றால் நிஜமாகவே ஓட்டம். செருப்பு வார் அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். கறிக்கடைக்காரர் நல்ல மனிதர். நான் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டதை முழுசாகக் கேட்டார். "நாலு நாள் ஆச்சேம்மா. அன்னைக்கே தீர்ந்துபோச்சு" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து, "நல்ல கறிம்மா, எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்க" என்று ஆறுதல் வேறு சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டினேன். டாக்டரை, காடைகளை, செருப்பை, கடைசியில் தம்பியை. "அம்மா மாதிரி, அம்மா மாதிரின்னு உயிரை எடுத்தியே! இப்ப போச்சு பாரு. ஒரு நிறம், உலகத்துல ஒரே ஒரு நிறம் வேணும்னு கேட்டேன்."

அவன் தெருமுனையில் நின்றான். "அக்கா" என்றான். "பொட்டைங்களுக்குப் பின்னந்தலையில முடி இல்ல."

"என்னது?"

"கூண்டு கழுவும்போது பார்த்தேன். எல்லாப் பொட்டைக்கும் பின்னந்தலை மொட்டையா இருக்கு. சேவல் ஏறும்போது அலகால அங்கதான் பிடிச்சுக்கும். அந்தப் பசங்க கறிக்குப் போறதுக்கு முன்னாடி சும்மா இல்ல. போன வாரம் அதுங்க போட்ட முட்டை எல்லாத்துலயும் உயிர் இருக்கும். சேவல் போன பிறகும் கொஞ்ச நாள் வரைக்கும் இருக்கும்னு நீதானே சொல்லுவே."

நான் சொல்வதுதான். எனக்கே மறந்துபோயிருந்தது. செம்பியின் மகன்கள் போய்விட்டன, ஆனால் அவை விட்டுவிட்டுப் போன முட்டைகள் வீட்டில் இருக்கின்றன. அடுப்படியில், தனிக் கிண்ணத்தில். புதுப் பெட்டைகளின் குட்டி முட்டை ஒரே வாய்க்கு அளவாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் அவற்றைத் தனியாக எடுத்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் வேலை முடிந்து வருகிற நேரம்.

இந்த முறை செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது அவர் அடுப்புமுன் நின்று மிளகு இடித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பாத்திரம். பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க, குட்டி முட்டைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உருண்டன.

"அடுப்பை அணைங்க!"

"இன்னும் ஒரு நிமிஷம் வேகணும்டி. நடுவுல பிசுபிசுன்னு இருக்கும்."

"ஐயோ, அது செம்பியோட பேரப்பிள்ளைங்க!"

அவர் கையில் இருந்த இடிகல்லைக் கீழே வைத்தார். பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெறுங்காலைப் பார்த்தார். பதினேழு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவர், பயந்துபோய் அடுப்பை அணைத்தார். தம்பி பின்னாலேயே வந்து மேஜைமேல் இருந்த கிண்ணத்தை எடுத்துப் பார்த்தான். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. "மாமா, இதுல கை வைக்கலதானே?"

"அடுத்த தடவைக்குன்னு வச்சேன்டா. எதுக்கு?"

தம்பி விஷயத்தைச் சொன்னான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தச் சேவலும் இந்தப் பொட்டையும் அண்ணன் தங்கச்சியாடா? அடக் கஷ்டமே" என்று தலையில் அடித்துக்கொண்டார். வெந்ததை என்ன செய்வது என்று கேட்டார். பிறகு அவரே, வெந்தது வெந்ததுதான் என்று மெதுவாக உரித்துச் சாப்பிட்டார். ஆனால் அன்றைக்கு மிளகு போடவில்லை. துக்கத்தின் அடையாளமாம்.

கிண்ணத்தில் இருந்ததோடு அடுத்த சில நாள் அந்தக் கூண்டில் விழுந்த முட்டைகளையும் சேர்த்துப் பெட்டியில் வைத்தோம். கணக்கைத் தம்பி தெளிவாகச் சொல்லியிருந்தான். மகன்களுக்குள் இருந்த நிறம் இப்போது அப்பன் வழியாக வருகிறது. அதனால் பிறக்கிற பெட்டைகளில் ஏறக்குறைய பாதிக்கு வெளியே தெரியும். சேவல் ஒன்றுக்கும் தெரியாது. இது முட்டையெல்லாம் பொரித்தால். அடுப்படிச் சூட்டில் கிடந்த முட்டை எத்தனை பொரிக்கும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டரை வாரம் நான் கடையில் வேலை செய்த லட்சணத்தைச் சொல்லக்கூடாது. ஒருவர் படுக்கையறைக்குக் கேட்ட வெளிர்நீலத்தைப் பள்ளிக்கூடச் சுவர் நீலமாகக் கலந்து கொடுத்தேன்.

தம்பி ஒரு நாளைக்குப் பலமுறை பெட்டியின் சூடு பார்த்தான், முட்டைகளைத் திருப்பினான், தட்டில் தண்ணீர் ஊற்றினான். தனக்குத் தெரியாத ஒரு நிறத்துக்காக என்னைவிட அதிகம் அலைந்தான். அதைப் பார்க்கப் பார்க்க, அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை திரும்பத் திரும்ப என்னைக் குத்தியது.

பொரிக்கிற நாள் வந்தது. நல்ல பகல். காற்று பட்டுச் சூடு குறையக்கூடாது என்று பட்டறை ஜன்னலைச் சாத்திவிட்டு மூன்று பேரும் பெட்டிமுன் உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தார். தின்ற பாவத்துக்குப் பிராயச்சித்தமாம். பெட்டிக்குள் எரிவது சிவப்பு பல்பு. வெள்ளை வெளிச்சத்தில் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தும் என்பதால் தம்பி அதைத்தான் மாட்டியிருந்தான். பொரித்து முடிகிறவரைக்கும் மூடியைத் திறக்கக்கூடாது. ஈரம் போய்விட்டால் உள்ளே இருப்பது ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துவிடும். அதனால் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும்.

முட்டை ஒன்று நடுங்கியது. சுற்றி ஒரு விரிசல் ஓடியது. மூடியைத் தள்ளுகிற மாதிரித் தள்ளிக்கொண்டு நனைந்த பஞ்சு ஒன்று வெளியே விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்து. நான் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தேன். எனக்கு எல்லாமே சிவப்பு. ஓடு சிவப்பு, தண்ணீர் சிவப்பு, குஞ்சு சிவப்பு. ஊரிலேயே நிறம் பார்க்கத் தெரிந்தவள் என்று மார்தட்டிக்கொள்கிற நான், ஒரு பல்பின் முன்னால் குருடியாக உட்கார்ந்திருந்தேன். உலர்ந்து பஞ்சு விரிந்த பிறகும் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பத்துக்கு மேல் பொரித்துவிட்டது. என் கண்ணுக்கு எல்லாம் பழுப்புதான்.

"இல்லடா" என்றேன். "எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. போச்சு."

எழுந்து முகம் கழுவப் போனேன். குழாயைத் திறக்கவில்லை, அதற்குள் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, இங்க வா. இது வேற."

"எது?"

"ஓரத்துல, தண்ணித் தட்டுக்குப் பக்கத்துல. முதுகுக் கோட்டைப் பாரு. மத்ததுக்கெல்லாம் கருகருன்னு மரத்து ரேகை மாதிரி நிக்குது. இதுக்குக் கோடே மங்கல். அங்க பின்னாடி இன்னொண்ணு இருக்கு, தூங்குது பாரு. அதுவும் அப்படித்தான்."

நான் பார்த்தேன். நிறத்தைத் தேடாமல், முதல் தடவையாக, கோட்டைப் பார்த்தேன். இருந்தது. மற்ற குஞ்சுகளின் முதுகில் கருப்பாக ஓடிய கோடு இந்த இரண்டின் முதுகில் தேய்ந்துபோன மாதிரி இருந்தது. கருப்பு இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பு இருந்தால், சிவப்பு வெளிச்சத்தில் அப்படித்தானே வெளுத்துத் தெரியும். அது எனக்கு உறைக்க இவ்வளவு நேரம் ஆனது. அவனோ பிறந்ததிலிருந்தே உலகத்தை இப்படித்தான் பார்க்கிறான்.

கடைசிக் குஞ்சும் உலர்ந்த பிறகு மூடியைத் திறந்தோம். தம்பி கையை விட்டு அந்த இரண்டை மட்டும் எடுத்தான். தப்பாமல் எடுத்தான். நான் ஜன்னலைத் திறந்தேன். வெயில் அவன் உள்ளங்கையில் விழுந்தது. செம்பி. சுண்டுவிரல் அளவில் இரண்டு செம்பி. என்னிடம் பிடிகொடுக்காத அந்த நிறம் இரண்டு கால் முளைத்து அவன் கைரேகைமேல் தடுமாறி நின்றது. நான் வாய்விட்டு அழுதேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"இரண்டும் பொட்டைதான்" என்றான் தம்பி. "இந்த வாட்டி சேவலா இருக்க வழியே இல்ல."

வீட்டுக்காரர் குனிந்து இரண்டு குஞ்சையும், பெட்டியில் இருந்த மற்றதையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன்டா, கலர் பார்த்துச் சம்பளம் வாங்கறவளுக்கே தெரியல. நீ எப்படிடா கண்டுபிடிச்சே?"

தம்பி குஞ்சின் முதுகை ஒரு விரலால் தடவிக்கொண்டே சொன்னான். "அம்மா கொடுத்த கண்ணு மாமா."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அவன் தலையைத் தடவித் தடவி மன்னிப்புக் கேட்டவள் இந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கலாம். அம்மா ஒருநாளாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

"டேய்" என்றேன். "அது என்ன நிறம்னு அன்னைக்குக் கேட்டேல்ல?"

"ம்."

"பழைய தேக்குப் பலகை ஒண்ணை எடுத்து, மேல இருக்கற அழுக்கெல்லாம் போக இழைப்பியே. முதல் சுருள் விழுந்ததும் உள்ள இருந்து புதுசா ஒண்ணு தெரியுமே. எண்ணெய் போடறதுக்கு முன்னாடி. அது மாதிரி."

அவன் குஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்படின்னா நல்லாத்தான் இருக்கணும்" என்றான்.

இப்போது பட்டறைச் சுவரை ஒட்டி இன்னொரு கூண்டு இருக்கிறது. அதில் அந்த இரண்டு செம்பிகளின் பழுப்பு அண்ணன் தம்பிகள், காலில் மஞ்சள் வளையத்தோடு. அவற்றில் பாதிக்குள் நிறம் ஒளிந்திருக்கிறது. எந்தப் பாதி என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒன்றையும் கறிக்குக் கொடுப்பதில்லை. விடிந்தும் விடியாமல் அத்தனை சேவலும் சேர்ந்து துருப்பிடித்த கதவுகளைத் தள்ள ஆரம்பித்துவிடும். வீட்டுக்காரர் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு, "எதுக்குள்ள நிறம் இருக்குன்னு அதுங்ககிட்டயே கேட்டுச் சொல்லுடி, மத்ததையாவது அனுப்பலாம்" என்று முனகுவார். மாடியிலிருந்து தம்பி குரல் கொடுப்பான்.

"ஒண்ணையும் தொடாதீங்க மாமா!"